'மியூட்டினி' என்னும் ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியூட்டினி என்றால் சரியாக என்ன?

கட்டளைக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர்கள், கட்டளையிடும் உரிமை உள்ளவரை எதிர்த்து ஒன்றுசேர்ந்து நிற்பதுதான் மியூட்டினி. படைவீரர்கள் தங்கள் அதிகாரிகளை எதிர்த்தாலும், மாலுமிகள் தங்கள் கேப்டனை எதிர்த்தாலும் இந்தச் சொல் பொருந்தும். எதிர்ப்பவர் அந்த அமைப்புக்கு உள்ளே இருப்பவராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து கப்பலைக் கைப்பற்றினால் அது கடற்கொள்ளை, மியூட்டினி ஆகாது.

ஆயுதம் எடுத்தால்தான் மியூட்டினி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நங்கூரத்தை எடு என்றபோது மாலுமிகள் எல்லோரும் கைகட்டி நின்றாலே போதும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வேர் லத்தீனில் இருக்கிறது. 'மொவேரே' என்றால் அசைத்தல், நகர்த்துதல். இதன் இறந்தகால எச்சத்திலிருந்து பேச்சு வழக்கு லத்தீனில் 'மொவிட்டா' என்ற பெயர்ச்சொல் உருவானது. நேர்ப்பொருள் 'அசைக்கப்பட்டது', வழக்கில் படையினரின் கிளர்ச்சி. அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'மெத்' ஆனது. அதிலிருந்து அடங்காதவனைக் குறிக்கும் 'மியூத்தேன்' என்ற சொல்லும், கலகம் செய்வதைக் குறிக்கும் 'மியூத்தினே' என்ற வினையும் கிளைத்தன.

ஆங்கிலம் முதலில் எடுத்துக்கொண்டது வினையைத்தான். 16-ஆம் நூற்றாண்டில் 'மியூட்டின்' என்று ஒரு வினை ஆங்கிலத்தில் புழங்கியது. அதன் கடைசியில் ஒய் எழுத்து சேர்ந்து 1560-களில் 'மியூட்டினி' என்ற பெயர்ச்சொல் வந்தது. பிறகு அந்தப் பெயர்ச்சொல்லே வினையாகவும் பயன்படத் தொடங்கியதால் 'மியூட்டின்' வழக்கொழிந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் கால்விலங்கு பூட்டிய கலகக்காரர்களை 'மியூட்டின்ஸ்' என்று சொல்லும் இடம் உண்டு. அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம், அது அந்தப் பழைய வடிவம். இன்று நாம் சொல்லும் 'மியூட்டினியர்' 1600-ஐ ஒட்டி பிரெஞ்சிலிருந்து தனியாக வந்து சேர்ந்தது.

அகராதியில் 'மொவிட்டா'வுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடுகிறார்களே, ஏன்?

அந்த வடிவம் எந்த எழுத்திலும் கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. பிற்காலப் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்து, ஒலிமாற்ற விதிகளைப் பின்னோக்கிப் பொருத்தி மொழியியலாளர்கள் மீட்டெடுத்த சொல். 'ரோமானியப் படைகள் மொவிட்டா என்று எழுதினார்கள்' என்று யாராவது எழுதியிருந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம்.

மியூட்டேஷன், மியூட், மியூச்சுவல் எல்லாம் இதன் உறவா?

இல்லை. எழுத்துகள் ஒன்றாகத் தொடங்குவதால் வரும் குழப்பம் இது. மியூட்டேஷன் 'முத்தாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, பொருள் மாற்றுதல். மியூச்சுவலும் அந்தப் பக்கத்து உறவுதான். ஒலியை அடக்கும் மியூட் 'முத்துஸ்', அதாவது ஊமை, என்ற சொல்லின் வழி. 'மாற்றத்தை விரும்புவதால் மியூட்டினி' என்று இணையத்தில் உலவும் விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் தவறு.

அப்படியானால் உண்மையான உறவுகள் எவை?

மூவ், மோஷன், மோட்டிவ், மோட்டார், மொமென்டம், புரமோட், ரிமோட், கமோஷன் எல்லாம் ஒரே வேரின் பிள்ளைகள். இவற்றில் கமோஷன் பொருளிலும் மியூட்டினிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

வியப்பான உறவு எமோஷன். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எமோஷன் என்றால் மக்களிடையே எழும் கொந்தளிப்பு என்றும் பொருள் இருந்தது. தெருவில் இருந்த கொந்தளிப்பு மெல்ல மனத்துக்குள் குடிபோனது. கும்பலைக் குறிக்கும் 'மாப்' என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். எளிதில் அசைந்துகொடுக்கும் கூட்டம் என்ற பொருளில் 'மோபிலே வுல்குஸ்' என்ற லத்தீன் தொடர் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர்கள் அதன் தலையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் இதே குடும்பம் பரவியிருக்கிறது. ஜெர்மனில் மொய்ட்டெரை, ஸ்பானியத்தில் மொத்தீன், இத்தாலியத்தில் அம்முத்தினமெந்தோ. பிரெஞ்சில் மட்டும் தாய்ச்சொல் வேறு வழியில் போய்விட்டது. இன்றைய பிரெஞ்சில் 'மெத்' என்றால் வேட்டைநாய்க் கூட்டம். தெருக் கலவரத்துக்கு 'எமெத்' என்கிறார்கள். 'மியூத்தேன்' இப்போது பெரும்பாலும் குறும்பு வழியும் முகத்தைச் சொல்லும் பெயரடை. பிரெஞ்சு நாவலில் ஒரு பெண்ணின் சிரிப்பை மியூத்தேன் என்றிருந்தால் அங்கே கலகம் எதுவும் நடக்கவில்லை.

தொடக்கத்திலிருந்தே படையை மட்டும்தான் குறித்ததா?

இல்லை. முதல் நூறு ஆண்டுகள் பொருள் விரிந்தே கிடந்தது. நகரத்தில் சண்டை, குடும்பத்தில் பிளவு, உடலுக்குள் உணர்ச்சிகளின் மோதல், எதற்கும் மியூட்டினி என்றார்கள். ஷேக்ஸ்பியரின் கோரியோலேனஸ் நாடகத்தின் முதல் மேடைக்குறிப்பில் தடிகளும் ஆயுதங்களுமாக நுழைகிறவர்கள் 'மியூட்டினஸ்' குடிமக்கள். அங்கே படைவீரன் ஒருவனும் இல்லை. தானியம் கேட்டு வந்த ரோமாபுரி மக்கள்.

பொருளைக் குறுக்கியதில் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1689-இல் இங்கிலாந்தில் ஆட்சி மாறியபோது, பதவி இழந்த இரண்டாம் ஜேம்ஸ் பக்கம் சாய்ந்த ஒரு படைப்பிரிவு இப்ஸ்விச் நகரில் கட்டளையை மீறியது. அமைதிக் காலத்தில் இராணுவ நீதிமன்றம் கூட்டித் தண்டிக்க அப்போது சட்டத்தில் இடமில்லை. அவசரமாக நாடாளுமன்றம் நிறைவேற்றியதுதான் மியூட்டினி சட்டம். அதன் ஆயுள் சுமார் ஓராண்டுதான்; ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். புதுப்பிக்காவிட்டால் படையைக் கட்டுக்குள் வைக்க வழியிருக்காது என்பதால், மன்னர் நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் இருக்க முடியாது. இந்தப் பிடியை விட மனமில்லாமல் 1879 வரை அதைப் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். ஏறக்குறைய 190 ஆண்டுகள் ஒரு சொல் சட்டத்தின் தலைப்பில் படையோடு சேர்ந்தே நின்றால், பொருள் குறுகாமல் என்ன செய்யும்?

கப்பல் அதை மேலும் இறுக்கியது. 1789 ஏப்ரல் 28 அன்று பசிபிக் கடலில் பவுன்ட்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஃபிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் மாலுமிகள் கேப்டன் வில்லியம் பிளையைச் சிறைபிடித்தார்கள். அவரையும் 18 பேரையும் 23 அடி நீளத் திறந்த படகில் இறக்கிவிட்டார்கள். முதலில் கரையேறிய தோஃபுவா தீவில் ஒருவர் கொல்லப்பட்டார். மற்றவர்கள் 3,600 கடல்மைலுக்கு மேல் கடந்து திமோர் தீவை அடைந்தார்கள். ஆங்கிலம் பேசுவோரின் மனத்தில் மியூட்டினி என்றதும் பாய்மரக் கப்பல் வந்து நிற்பதற்கு இந்த ஒரு சம்பவமே முக்கியக் காரணம்.

ரெபெலியன், ரிவோல்ட், இன்சரெக்‌ஷன், செடிஷன் ஆகியவற்றோடு எப்படி வேறுபடுகிறது?

அகராதிகள் ஒன்றுக்கு ஒன்றைப் பொருளாகக் கொடுத்துவிடுவதால்தான் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. வேரைப் பார்த்தால் வேறுபாடு தெளியும்.

ரெபெலியனுக்குள் இருப்பது 'பெல்லும்', அதாவது போர். 'ரெ' என்றால் மறுபடி. தோற்று அடங்கிய மக்கள் மீண்டும் போருக்கு எழுவதையே ரோமானியர்கள் அப்படிச் சொன்னார்கள். இன்றும் ரெபெலியனில் ஒரு நாட்டையோ அரசையோ எதிர்த்து நீடிக்கும் ஆயுத மோதல் என்ற எடை உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரை வடமாநிலங்களின் அரசு தன் அதிகாரப்பூர்வ ஆவணங்களில் 'ரெபெலியன்' என்றே குறித்தது. தென்மாநிலங்கள் தனி நாடு என்பதை ஏற்கவில்லை என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

ரிவோல்ட், திரும்புதல் என்ற பொருளிலிருந்து வந்தது. இதுவரை இருந்த பற்றை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது. அருவருப்பைக் குறிக்கும் 'ரிவோல்ட்டிங்' இதன் கூடப்பிறந்தது. ரெவல்யூஷனும் அதே வேர். கோள் சுற்றிவருவதற்கு இருந்த சொல் அரசியலுக்கு இறங்கி, ஆட்சிமுறையே புரளுவதைக் குறித்தது.

இன்சரெக்‌ஷன் என்றால் எழுந்து நிற்றல். ரெபெலியன் முற்றுவதற்கு முன் நடக்கும் திடீர் எழுச்சிக்குப் பொருந்தும். அமெரிக்க அரசமைப்பின் 14-ஆவது திருத்தம் இன்சரெக்‌ஷனையும் ரெபெலியனையும் அடுத்தடுத்து இரண்டு சொற்களாகவே எழுதியிருக்கிறது.

செடிஷன் தனி இனம். 'தனியே விலகிப் போதல்' என்பது லத்தீன் பொருள். இப்போது அரசுக்கு எதிராகப் பேச்சாலும் எழுத்தாலும் மக்களைத் தூண்டுவது. கையில் தடி இல்லாமலே செடிஷன் செய்யலாம்.

ரயட், கலவரம். இதற்கு அரசை எதிர்க்கும் நோக்கம் தேவையில்லை, தலைவர் தேவையில்லை. இங்கிலாந்தின் 1986-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டப்படி குறைந்தது 12 பேர் இருக்க வேண்டும்.

கூ என்பது மேலே இருக்கும் ஒரு சிறு குழு ஆட்சியைப் பறிப்பது. படை செய்தாலும் அது மியூட்டினி அல்ல. மியூட்டினியில் கீழே இருப்பவர்கள் மேலதிகாரியை எதிர்க்கிறார்கள், கூவில் தளபதிகள் அரசை எதிர்க்கிறார்கள். செய்திகளில் இந்த இரண்டும் கலந்துவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

ஒரே நிகழ்வு இந்தச் சொற்களைக் கடந்து போவதும் உண்டு. 1918 அக்டோபர் 29 அன்று ஜெர்மன் கடற்படை மாலுமிகள் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் கடைசிச் சண்டைக்குப் புறப்பட மறுத்தார்கள்: மியூட்டினி. நவம்பர் முதல் வாரம் கீல் நகரத் தொழிலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள்: அப்ரைசிங், அதாவது எழுச்சி. நவம்பர் 9 அன்று பேரரசர் பதவியிழந்தார்: ரெவல்யூஷன். பன்னிரண்டே நாள்.

ஒருவர் தனியாக மியூட்டினி செய்ய முடியுமா?

பேச்சு வழக்கில் முடியாது. ஒருவர் மறுத்தால் அது கீழ்ப்படியாமை. பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டமும் இன்னொருவரோடு உடன்பட்டுச் செய்வதையே மியூட்டினி என்கிறது.

அமெரிக்க இராணுவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கட்டளையை மறுக்கும் வகை மியூட்டினிக்குக் கூட்டாளி வேண்டும். ஆனால் மேலதிகாரத்தைக் கவிழ்க்கும் நோக்கத்தோடு வன்முறையோ குழப்பமோ உண்டாக்கும் வகையை ஒருவரே செய்யலாம். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

வேலைநிறுத்தத்துக்கும் மியூட்டினிக்கும் எல்லை எங்கே?

சீருடையில். செயல் ஒன்றாகவே இருக்கலாம். 1797 ஏப்ரலில் ஸ்பிட்ஹெட் நங்கூரத்துறையில் பிரிட்டிஷ் மாலுமிகள் செய்ததை இன்று ஒரு தொழிற்சங்கம் செய்தால் வேலைநிறுத்தம் என்றுதான் சொல்வோம். 1658-க்குப் பிறகு அவர்கள் சம்பளம் உயரவே இல்லை. உணவு விநியோகத்தில் ஒரு பவுண்டு என்று கொடுத்தது 14 அவுன்ஸ்தான். மீதி 2 அவுன்ஸ் கப்பலின் பண்டகக் கணக்கருக்குப் போயிற்று. 16 அவுன்ஸ் வேண்டும், சம்பளம் உயர வேண்டும், கொடுமையான அதிகாரிகள் வெளியேற வேண்டும் என்று கேட்டார்கள். பிரெஞ்சுக் கப்பற்படை வந்தால் உடனே புறப்படுவோம் என்றும் சொன்னார்கள். ஒழுங்காகவும் பொறுமையாகவும் நடந்த அந்த எதிர்ப்பு அரச மன்னிப்போடும் சம்பள உயர்வோடும் முடிந்தது. அடுத்த மாதம் தேம்ஸ் முகத்துவாரத்தில் நோர் துறையில் எழுந்த எதிர்ப்பு, லண்டனுக்கான கப்பல் போக்குவரத்தை மறித்தது. அதன் தலைவர் ரிச்சர்ட் பார்க்கர் ஜூன் 30 அன்று தூக்கிலிடப்பட்டார். வரலாற்றில் இரண்டுக்கும் பெயர் மியூட்டினி.

வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லும் கடலில் பிறந்ததுதான். 1768-இல் லண்டன் துறைமுகத்தில் வணிகக் கப்பல் மாலுமிகள் பாய்களைக் கீழே இறக்கிக் கப்பல்களை நிறுத்தினார்கள். பாயை இறக்குவதற்குக் கப்பல் வழக்கில் ஸ்ட்ரைக் என்று பெயர்.

'ரவுண்ட் ராபின்' என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மனு எழுதினால் முதல் கையெழுத்துப் போட்டவரைத் தலைவர் என்று பிடித்துத் தண்டிப்பார்கள். அதனால் மாலுமிகள் பெயர்களை வட்டமாக, சக்கரத்தின் ஆரங்களைப் போல எழுதினார்கள். யார் முதலில் போட்டார் என்று கண்டுபிடிக்க முடியாது. இப்படி வட்டமாகக் கையெழுத்திட்ட மனுவுக்குத்தான் ரவுண்ட் ராபின் என்று பெயர். விளையாட்டுப் போட்டி முறைக்கு இந்தப் பெயர் பிறகு வந்தது.

1857-ஐ மியூட்டினி என்று எழுதலாமா?

எழுதுவதற்கு முன் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மியூட்டினி என்றவுடன் இரண்டு கருத்துகள் கேட்காமலே உள்ளே வந்துவிடுகின்றன: எதிர்த்தவர்கள் சிப்பாய்கள் மட்டுமே, எதிர்க்கப்பட்டவர்களின் அதிகாரம் முறையானது. 1857 மே 10 அன்று மீரட்டில் தொடங்கியது படைக்குள் நடந்த மியூட்டினிதான், அதில் ஐயமில்லை. ஆனால் அவத் பகுதியில் உழவர்களும் நிலவுடைமையாளர்களும் இறங்கியபின் அந்தச் சொல்லுக்குள் அது அடங்கவில்லை. இது பிற்கால இந்தியர்களின் கண்டுபிடிப்பும் அல்ல. 1857 ஜூலை 27 அன்றே பிரிட்டிஷ் அரசியல் தலைவர் டிஸ்ரேலி நாடாளுமன்றத்தில், இது படை மியூட்டினியா, தேசிய ரிவோல்ட்டா என்று கேட்டார். 1909-இல் சாவர்க்கர் அதைச் சுதந்திரப் போர் என்றார்.

எங்கள் கருத்து: பாரக்பூர், மீரட் போன்ற படைமுகாம் நிகழ்வுகளுக்கு மியூட்டினி சரி. மொத்த ஆண்டுக்கும் ரிவோல்ட் அல்லது அப்ரைசிங் பொருத்தம். பழைய ஆங்கில நூலின் பெயரையோ மேற்கோளையோ எடுத்தாளும்போது மட்டும் மூலத்தில் உள்ளபடியே விடுங்கள்.

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் பயிற்சித் தளத்தில் தொடங்கிய கடற்படை எதிர்ப்புக்கும் இதே சிக்கல் உண்டு. மோசமான உணவும் அதிகாரிகளின் இழிசொற்களும் காரணங்களில் முதன்மையானவை. அதில் ஈடுபட்டவர்கள் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்ட பெயரில் இருந்த சொல் 'ஸ்ட்ரைக்'. மியூட்டினி என்றது அரசுத் தரப்பு.

தண்டனை என்ன?

பல நாடுகளில் இதுவே படைக்குற்றங்களில் மிகக் கடுமையானது. இந்திய இராணுவச் சட்டம், 1950-இன் 37-ஆவது பிரிவு மரண தண்டனை வரை போகிறது. மியூட்டினி செய்தவர் மட்டும் மாட்டுவதில்லை: அங்கே இருந்தும் அடக்க முழு முயற்சி எடுக்காதவரும், நடக்கப்போவது தெரிந்தும் உடனே தகவல் சொல்லாதவரும் அதே பிரிவுக்குள் வருகிறார்கள். சீருடை அணியாத ஒருவர் படையினரைத் தூண்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 159-ஆவது பிரிவு பொருந்தும். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 131. பிரிட்டன் 1998-இல் மரண தண்டனையை நீக்கியது. இப்போது அதிகபட்சம் ஆயுள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது வழக்கமாக வரும் பிழைகள்?

வினையாகப் பயன்படுத்தும்போது நேரடியாகச் செயப்படுபொருள் சேர்க்க முடியாது. கேப்டனை மியூட்டினி செய்தார்கள் என்று எழுதினால் தவறு. இடையில் 'அகெயின்ஸ்ட்' வர வேண்டும். கப்பலின் பெயருக்கு முன் 'ஆன்' போடுவது வழக்கம், ஏனென்றால் அது நடந்த இடத்தைச் சொல்கிறது.

எழுத்துக்கூட்டலில், பன்மையில் கடைசி ஒய் போய் ஐ-இ-எஸ் வரும், இறந்தகாலத்தில் ஐ-இ-டி. 'இங்' சேரும்போது ஒய் அப்படியே நிற்கும். உச்சரிப்பில் மியூட்டினிக்கு முதல் அசையில் அழுத்தம். மியூட்டினியருக்குக் கடைசி அசையில். இதை மாற்றிச் சொன்னால் கேட்பவருக்குச் சட்டென்று புரியாது.

கட்சி, கிரிக்கெட் அணி, அலுவலகம் இவற்றுக்கும் சொல்லலாமா?

சொல்லலாம், உள்ளே இருப்பவர்கள் தங்கள் தலைவரையே எதிர்த்தால். அணி வீரர்கள் பயிற்சியாளரை மறுத்தால் மியூட்டினி. ரசிகர்கள் கூச்சலிட்டால் அல்ல. 'மியூட்டினஸ்' என்ற பெயரடை இன்னும் இளகியது: முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கும் அதைப் போடுவார்கள். அங்கே 'கலகக்கார' என்று தமிழில் எழுதினால் சிரிப்பு வரும். 'முரண்டு பிடிக்கும்' போதும்.

தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது?

படை தொடர்பான இடங்களில் 'கலகம்' கைகொடுக்கும். ஆனால் கலகம் தமிழில் மிக அகலமான சொல். நாரதர் மூட்டுவதும் கலகம், தெருச்சண்டையும் கலகம். சட்டத்தையோ வரலாற்றையோ மொழிபெயர்க்கிறவர்கள் முதல் முறை 'படைக்கலகம்' என்றோ 'மாலுமிக் கலகம்' என்றோ எழுதிவிட்டு, பிறகு கலகம் என்று சுருக்கிக்கொள்வது நல்லது. ரெபெலியனுக்குக் கிளர்ச்சி, அப்ரைசிங்குக்கு எழுச்சி, ரெவல்யூஷனுக்குப் புரட்சி என்று பிரித்து வைத்தால் ஒரே பக்கத்தில் நான்கும் வந்தாலும் இடிக்காது.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்ததற்குத் தமிழில் சிப்பாய்க் கலகம், சிப்பாய்ப் புரட்சி என்று இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் மூட்டிய அந்த எதிர்ப்பு, ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்ததும் அன்றே ஒடுக்கப்பட்டது. ஆங்கில ஆவணத்தின் குரலை அப்படியே கொண்டுவர வேண்டிய இடத்தில் கலகம் என்று எழுதுங்கள். உங்கள் சொந்தக் கட்டுரையில் எது என்பது உங்கள் முடிவு. தேர்ந்த சொல்லைக் கடைசி வரை மாற்றாமல் வைத்திருங்கள். ஈடுபட்டவர்களைக் குறிக்கும் சொல்லும் அதற்குப் பொருந்தி வர வேண்டும்: தலைப்பில் புரட்சி என்று போட்டுவிட்டு உள்ளே கலகக்காரர்கள் என்று எழுதுவது அச்சில் அடிக்கடி காணும் முரண்.